கணக்கம்மா போட்ட பச்சை

கணக்கம்மாவுக்கு எதைக் கண்டால் பயம் என்று கேட்பதைவிட, எதைக் கண்டால் பயமில்லை என்று கேட்பது சுலபம். எண்களைக் கண்டால் பயமில்லை. மற்றபடி நாய், இடி, ஊசி, லிஃப்ட், எரிவாயு அடுப்பு, அகாலத்தில் அடிக்கும் போன் எல்லாமே பயம்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கினால் பாதிப் படியில் நின்றுவிடுவாள். அடுப்பை அணைத்தோமா? அணைத்திருப்போம். ஆனாலும் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் கால் தெருவில் பாவும்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் லிஃப்ட் மெக்கானிக். இருட்டுக் குழிக்குள் இரும்புக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று, மாடி மாடியாக ஏறி இறங்குவது அவர் பிழைப்பு. ஜாடிக்கேற்ற மூடி என்பார்களே, இங்கே ஜாடி ஒரு பக்கம் மூடி ஒரு பக்கம். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று அவர் அவளைச் சீண்டுவார். அவள் வாயைத் திறக்க மாட்டாள். அவர் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை போனை மட்டும் கையைவிட்டு இறக்க மாட்டாள்.

அவள் படித்தது வேதியியல். படித்த காலத்தில் பக்கத்து மேஜையில் ஒரு குடுவை தீப்பிடித்தது. யாரோ ஈரத்துணியைப் போட்டு அணைத்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, இவளுடைய முன்நெற்றி முடி கொஞ்சம் பொசுங்கியதைத் தவிர. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. சோதனைச்சாலைக்கு அன்றோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கணினியில் செய்யும் வேதியியலுக்கு மாறிக்கொண்டாள். கணினிக்குள் ஒரு சேர்மம் வெடித்தால் என்ன ஆகிவிடும்? திரையில் ஒரு பிழைச்செய்தி வரும். திருத்தி மறுபடி ஓடவிட்டால் தீர்ந்தது.

அப்படித்தான் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ஒரு கட்டடம் கணினிக்காரர்களுக்கு, எதிரே ஒரு கட்டடம் கலக்கிக் காய்ச்சுகிறவர்களுக்கு. நடுவில் ஒரு முற்றம். அந்த முற்றத்தை அவள் தாண்டியதே கிடையாது. வருஷக்கணக்காக அவள் வேலை ஒன்றே ஒன்றுதான்: அருமண் உலோகங்கள் மற்ற அணுக்களோடு எப்படிப் பிணைந்து நிற்கின்றன என்று கணக்குப் போட்டுச் சொல்வது. போன் திரையின் நிறத்திலும் சின்னஞ்சிறு காந்தங்களிலும் இருக்கிற உலோகங்கள்தாம். ஆனால் இவர்கள் கையாண்டவை சாதாரணச் சேர்மங்கள் இல்லை. உலோகத்தை அதற்குப் பிடிக்காத நிலையில் பிடித்து நிறுத்தி வைக்கிற சேர்மங்கள். இன்னும் ஒரு எலக்ட்ரானை யாரிடமாவது தள்ளிவிடலாமா என்று அது காத்துக்கொண்டே இருக்கும்.

இந்த உலோகங்களில் எஃப் எலக்ட்ரான்கள் என்று ஒரு வகை உண்டு. அவை வீட்டின் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிற மாமனாரைப் போல. வருகிறவர் போகிறவர் விஷயத்தில் தலையிடுவதில்லை. பெரும்பாலான சமயம் அவரைக் கணக்கில் சேர்க்காமலே குடும்பம் நடத்திவிடலாம். என்றைக்காவது ஒருநாள் எழுந்து வெளியே வந்தாரோ, அன்றைக்கு வீடு இரண்டுபடும். கணினிக்காரர்களும் இதைத் தெரிந்துதான் வைத்திருந்தார்கள். ஒரு சேர்மத்தின் வடிவத்தை முதலில் குத்துமதிப்பாகக் கண்டுபிடிக்கும்போது எஃப் எலக்ட்ரான்களை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள், வேலை சீக்கிரம் முடியும். வடிவம் கிடைத்ததும் பூட்டைத் திறந்துவிட்டு, எல்லா எலக்ட்ரான்களையும் சேர்த்துக் கடைசிக் கணக்கைப் போடுவார்கள். பூட்டு என்பது ஃபைலில் ஒரே ஒரு வரி.

எதிர்க் கட்டடத்துக்காரர்களுக்குக் கணக்கம்மா தருவது ஒரு அட்டவணை. சேர்மம் சிதைய வேண்டுமானால் ஒரு ஆற்றல் மேட்டைத் தாண்டியாக வேண்டும், அந்த மேட்டின் உயரம்தான் அவள் போடும் எண். மேடு தாழ்வாக இருந்தால் அந்த வரிக்குச் சிவப்பு அடிப்பாள்: தொடாதே. நடுத்தரமாக இருந்தால் மஞ்சள்: துளியூண்டு செய், எப்போதும் கரைப்பானில் ஈரமாகவே வை, உலர விடாதே. உயரமாக இருந்தால் பச்சை: நிறையச் செய்யலாம், உலர்த்தலாம், சுரண்டி எடுத்துப் புட்டியில் போட்டு வைக்கலாம். அவள் பச்சை அடிப்பது அபூர்வம். அதனாலேயே அவள் பச்சைக்கு எதிர்க் கட்டடத்தில் அவ்வளவு மரியாதை. "கணக்கம்மாவே பச்சைன்னு சொல்லிட்டாங்களா? அப்ப சுத்தியல் எடுத்து அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்பார்கள்.

அப்படிச் சொல்கிறவர்களில் முதல் ஆள் அவளுடைய நாத்தனார்.

நாத்தனார் என்றால் லிஃப்ட் மெக்கானிக்கின் தங்கை. அண்ணனுக்குத் தங்கை தப்பாமல் பிறந்தவள். பயம் என்கிற சரக்கு அந்த வீட்டுக்கே வந்து சேரவில்லை. கணக்கம்மா கல்யாணமாகி வந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்துத்தான் வேதியியல் எடுத்தாள். ஆனால் அண்ணி ஓடிவந்த பக்கம் பார்த்துப் போனாள். எதிர்க் கட்டடத்தில் வேலை காலியாக இருக்கிறது என்று சொன்னதும் கணக்கம்மாதான், விண்ணப்பத்தைப் படித்துத் திருத்திக் கொடுத்ததும் கணக்கம்மாதான். இருவரும் ஒரே வீட்டில் இருந்து ஒரே பஸ்ஸில் ஒரே நிலையத்துக்குப் போனார்கள். அட்டவணை வந்தால் நாத்தனார் எண்களைப் பார்ப்பதில்லை. நிறத்தைப் பார்ப்பாள், வேலையை ஆரம்பிப்பாள்.

அந்த வருஷம் அவர்கள் கையில் எடுத்தது நான்கு சேர்மங்கள். நான்கிலும் உலோகம் ஒன்றே, சுற்றியிருக்கும் போர்வை மட்டும் வேறு. எல்லாவற்றிலும் உலோகத்தோடு ஒரு வால் ஒட்டிக்கொண்டிருந்தது, மூன்று நைட்ரஜன் அணுக்களை வரிசையாகக் கோத்த வால். அசைடு என்பார்கள். அந்த வால் பொல்லாதது. உலோகத்திடமிருந்து ஒரு எஃப் எலக்ட்ரான் அதற்குத் தாவிவிட்டால் வால் அறுந்து இரண்டு நைட்ரஜன்கள் வாயுவாகப் பறக்கும். ஒன்று அறுந்தால் பக்கத்தில் இருப்பதும் அறும். மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் மூன்றும் மஞ்சள். அந்த மூன்றையும் கணக்கம்மா திருப்பித் திருப்பிச் சரிபார்த்தாள். எண் இன்னும் தாழ்வாக இருக்குமோ, தன் கண்ணுக்குத் தப்பிவிட்டதோ என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். நான்காவதற்கு எண் உயரமாக வந்தது. மேடு என்றால் மேடு, நல்ல மேடு. அதைப் பார்த்ததும் அவளுக்கு வந்தது நிம்மதி. பயந்த சுபாவக்காரர்களைப் பற்றி நமக்கு ஒரு தப்பெண்ணம் உண்டு, எல்லாவற்றையும் கவனமாகச் செய்வார்கள் என்று. அப்படியொன்றும் இல்லை. கெட்ட செய்தியைத்தான் அவர்கள் நாலு தடவை சோதிப்பார்கள். நல்ல செய்தி வந்தால் மடியில் முடிந்துகொண்டு ஓடிவிடுவார்கள். கணக்கம்மாவும் ஓடினாள். பச்சை அடித்து அனுப்பினாள்.

அந்தக் காலையில் நாத்தனார் சீக்கிரமே கிளம்பினாள். "இன்னைக்குப் பெரிய சமையல் அண்ணி. நீங்க பச்சை குடுத்த ஆளை மொத்தமா வடிச்சு உலர்த்தி எடுக்கப் போறோம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"கண்ணாடி போட்டுக்கோ" என்றாள் கணக்கம்மா, எப்போதும்போல.

"போட்டுக்கிறேன். நீங்க அடுப்பை அணைச்சுட்டு வாங்க" என்றாள் நாத்தனார், அவளும் எப்போதும்போல.

கணக்கம்மா தன் இடத்தில் வந்து உட்கார்ந்தபோது செய்வதற்குச் சுலபமான வேலைதான் இருந்தது. நான்கு சேர்மங்களைப் பற்றிய கட்டுரைக்குப் படங்கள் வேண்டும். உலோகத்தைச் சுற்றி எலக்ட்ரான்கள் எங்கே இருக்கின்றன, பிணைப்பில் எவை சேர்கின்றன என்று காட்டும் வண்ணப் படங்கள். எஃப் எலக்ட்ரானின் படம் பார்க்க அழகாக இருக்கும், பூவிதழ்களைப் போல நாலாபக்கமும் விரிந்து நிற்கும். முதல் சேர்மத்துக்கு எடுத்தாள், இதழ்கள் வந்தன. இரண்டாவது, மூன்றாவது, வந்தன. நான்காவதைத் திறந்து தேடினாள். வரவில்லை. படங்களின் வரிசையில் வேறு எண்ணில் இருக்குமோ என்று மேலே போனாள், கீழே வந்தாள். உலோகத்தைச் சுற்றி வழவழவென்று ஒரு உருண்டை இருந்தது. இதழ் ஒன்றுகூட இல்லை.

படம் வரையும் மென்பொருளைத் திட்டினாள். அதை மூடித் திறந்தாள். அப்புறம்தான் சந்தேகம் தன் கணக்கின் பக்கம் திரும்பியது. ஃபைலைத் திறந்து முதல் பக்கத்துக்குப் போனாள். பூட்டு வரி அங்கேயே உட்கார்ந்திருந்தது.

வடிவம் கண்டுபிடிக்கப் போட்ட ஃபைலைப் பிரதி எடுத்து, பெயரை மாற்றி, அதையே கடைசிக் கணக்குக்கும் அனுப்பியிருக்கிறாள். பெயரை மாற்றியவள் அந்த ஒரு வரியை மாற்றவில்லை. எலக்ட்ரான்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, யாராவது வெளியே வருகிறார்களா என்று வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். யாரும் வரவில்லை, வீடு அமைதியாக இருக்கிறது என்று பச்சையும் அடித்துவிட்டாள்.

அவளுக்குப் பயம் புதிதில்லை, தினம் நாலு தடவை வருவதுதான். ஆனால் மற்ற பயங்களுக்கெல்லாம் ஒரு வழி இருந்தது. ஏறிப்போய் அடுப்பைப் பார்த்துவிட்டால் அடங்கிவிடும். இந்த அடுப்பை மூட்டியவளே அவள். அதன் முன்னால் நின்றுகொண்டிருப்பது நாத்தனார்.

போனில் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிளவ் பாக்ஸ் என்கிற மூடிய கண்ணாடிப் பெட்டியில் வேலை செய்யப் போகிறவர்கள் போனை வெளியே அலமாரியில் வைத்துவிட்டுத்தான் போவார்கள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. எதிர்க் கட்டடத்தின் பொதுத் தொலைபேசிக்கு அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. அபாய மணியை அடித்தால் என்ன என்று எழுந்தாள். சுவரில் இருந்த சிவப்புப் பொத்தான்மீது கைகூட வைத்துவிட்டாள். அந்த மணி அலறினால் கட்டடத்துக்கே தூக்கிவாரிப்போடும். அந்த நேரத்தில் நாத்தனார் கையில் பொடியை வழிக்கிற சுரண்டி இருந்தால்? கை ஒரு தடவை உதறினால் போதுமே. கணக்கம்மா பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். அவளே போக வேண்டும், வேறு வழியில்லை.

முற்றத்தைத் தாண்டி ஓடினாள். கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை. எதிர்க் கட்டடத்தின் வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார்.

"மேடம், நீங்களா? வழி தவறி வந்துட்டீங்களா?"

"உள்ள போகணும்."

"கண்ணாடி போடாம யாரையும் விட மாட்டேன். துறைத்தலைவரே வந்தாலும் இதான்."

விதியைக் கண்டுபிடித்தவளுக்கே விதியைச் சொல்கிறார் மனுஷர். கண்ணாடி போடு, கண்ணாடி போடு என்று தினம் காலையில் ஓதுகிறவள் யார்? அவர் கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடியைத் தன் மூக்குக்கண்ணாடிமேலேயே மாட்டிக்கொண்டாள். அது உடனே ஆவி பிடித்து மங்கியது. நடைவழியில் கரைப்பான் வாடை வந்தது, அன்று முடி பொசுங்கிய நாளின் அதே வாடை. சுவரைத் தடவிக்கொண்டே கடைசி அறைவரை போனாள்.

கிளவ் பாக்ஸ் என்பது ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. காற்றும் ஈரமும் புகாமல் உள்ளே ஆர்கான் வாயுவை நிரப்பியிருப்பார்கள். முன்பக்கத்தில் நீளமான ரப்பர் கையுறைகள் பொருத்தியிருக்கும், அதற்குள் கையை விட்டுத்தான் உள்ளே வேலை செய்ய வேண்டும். நாத்தனார் தோள்வரை கையை உள்ளே விட்டு நின்றாள். பெட்டிக்குள் ஒரு கண்ணாடிப் புனல். அதில் செங்கல் நிறத்தில் பொடி குவிந்திருந்தது. பொடி உலர்ந்துவிட்டது. புனலின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை அவள் எஃகுச் சுரண்டியால் வழித்துக்கொண்டிருந்தாள்.

கணக்கம்மாவுக்கு அலற வேண்டும்போல இருந்தது. அலறக் கூடாது. தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் பேசுவதுபோலப் பேசினாள்.

"கையை மெதுவா நிறுத்தும்மா."

நாத்தனார் தலையைத் திருப்பினாள். கை நிற்கவில்லை. "அண்ணி? நீங்க எப்படி இங்க? அதுவும் ரெண்டு கண்ணாடி போட்டுக்கிட்டு?"

"சுரண்டாதே. எனக்குப் பயமா இருக்கு."

நாத்தனார் சிரித்துவிட்டாள். "உங்களுக்கு எப்ப பயம் இல்லாம இருந்துச்சு? ஓரத்துல கொஞ்சம்தான் ஒட்டிக்கிட்டிருக்கு. வழிச்சுட்டு வந்துடறேன். வெளியில உட்காருங்க, சேர்ந்து டீ குடிக்கப் போகலாம்."

புலி வருது, புலி வருது என்று சொல்லிச் சொல்லியே தேய்ந்துபோன வாய் அது. நாய்க்கும் இடிக்கும் அடுப்புக்கும் செலவழித்த அதே வார்த்தையைத்தான் இப்போதும் எடுத்து நீட்டுகிறாள். அது செல்லாது என்று அந்தக் கணத்தில் அவளுக்கே விளங்கியது. வேறு ஒரு வார்த்தை இருந்தது. அதைச் சொன்னால் இந்த நிலையத்தில் தனக்கு இருக்கிற ஒரே மரியாதையும் போய்விடும். அதையும் அவள் நினைத்துத்தான் பார்த்தாள். சுரண்டி மறுபடி கண்ணாடியைத் தொட்டது.

"இது பயம் இல்ல. தப்பு" என்றாள். "நான் பண்ணின தப்பு. எஃப் எலக்ட்ரானைப் பூட்டி வெச்சுக்கிட்டே கணக்குப் போட்டுட்டேன். நான் போட்ட பச்சை பச்சை இல்ல."

நாத்தனாரின் கை நின்றது. எண் விஷயத்தில் அண்ணி வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதே இல்லை.

"அப்ப மஞ்சளா?"

"தெரியல. திறந்துவிட்டு இன்னும் ஓட்டிப் பார்க்கல. தெரியுற வரைக்கும் சிவப்புன்னே வெச்சுக்கோ."

நாத்தனாரின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. உலர்ந்த பொடியைப் பார்த்தாள். தன் கைகளுக்கு நடுவில் அது இருப்பதை அப்போதுதான் பார்ப்பவளைப்போலப் பார்த்தாள். சுரண்டியை மெள்ள, ஓசை வராமல் ஒரு தட்டில் கிடத்தினாள்.

"நனைக்கணும்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "கரைப்பான் பாட்டில் பின்னாடி இருக்கு. எட்டி எடுக்கணும். நீங்க வெளியில போங்க அண்ணி."

"போக மாட்டேன்."

இதை வீரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவளுக்குக் கால் வரவில்லை, அவ்வளவுதான். வெளியே நின்று சத்தத்துக்குக் காத்திருக்க அவளால் முடியாது. கதவுக்கும் பெட்டிக்கும் நடுவில் நட்டுவைத்ததுபோல நின்றாள்.

நாத்தனார் பாட்டிலை எட்டி எடுத்தாள். மூடியைத் திருகினாள். புனலின் சுவரோரமாக, கண்ணாடி வழியே வழிந்து இறங்கும்படி, துளித்துளியாக விட்டாள். பொடியின் ஒரு ஓரம் கறுத்தது. கறுப்பு மெல்லப் பரவியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். நேரம் நகர்ந்ததா நின்றதா என்று தெரியாது. குவியல் முழுவதும் நனைந்து சேறாகிவிட்டபோது நாத்தனார் மூச்சை விட்டாள்.

"ஆச்சு அண்ணி" என்றாள். அப்படியே சுரண்டியையும் நனைத்துவிடலாம் என்று அதை எடுத்தாள். அதன் நுனி தட்டின் விளிம்பில் பட்டது.

சத்தம் பெரிதில்லை, பலகை உடைந்ததுபோல ஒன்று. பெட்டியின் கண்ணாடி முழுவதும் கீறல் ஓடி வெளுத்துவிட்டது. வலது கையுறை கிழிந்து தொங்கியது. நாத்தனார் கையை வெளியே உருவினாள், விரல்களிலிருந்து ரத்தம் ஒழுகியது. அவள் கத்தவில்லை. "காத்து உள்ள போகுது, பெட்டிக்குப் பக்கத்துல மாட்டியிருக்கிற மூடியை எடுத்து ஓட்டையில வெச்சு அழுத்துங்க" என்று மட்டும் சொன்னாள்.

கணக்கம்மா மூடியை எடுத்தாள், ஓட்டையில் வைத்தாள், உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினாள். மூடிக்கு அந்தப் பக்கம் ஒரு முழத்தூரத்தில் அந்தச் சேறு இருந்தது. நாத்தனார் இடது கையாலேயே கவ்வியை மாட்டித் திருகினாள். அதற்குள் ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். சுரண்டியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது கடுகளவுகூட இருக்காது என்று பிற்பாடு சொன்னார்கள். புனலில் இருந்தது ஒரு கைப்பிடி.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரல்களிலிருந்து ரப்பர் துணுக்குகளையும் இரும்புத் துணுக்குகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். நடுவிரல் பிழைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். ஆள்காட்டி விரலின் நுனி கொஞ்சம் போய்விட்டது, அதில் உணர்ச்சி திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது. துறைத்தலைவர் வந்து பார்த்தார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார். கணக்கம்மாவின் பக்கம் திரும்பி, "நீங்க மட்டும் நேரத்துக்குப் போகலைன்னா என்ன ஆகியிருக்கும்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். கூட வந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

லிஃப்ட் மெக்கானிக் வேலை செய்த கையோடு வந்து சேர்ந்தார், முழங்கைவரை கிரீஸ். அவரிடமும் எல்லோரும் அதையே சொன்னார்கள்: உங்க வீட்டுக்காரம்மாதான் காப்பாத்தினாங்க. அவர் நன்றியோடு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கணக்கம்மாவால் தாங்க முடியவில்லை. பேசாமல் இருந்துவிடலாம்தான். இருந்தால் வாழ்நாள் முழுக்க அந்தப் பார்வைக்குப் பயப்பட வேண்டியிருக்கும்.

"நான் காப்பாத்தல" என்றாள். "அதை உலர்த்தலாம், சுரண்டலாம்னு எழுதிக் குடுத்ததே நான்தான். கணக்கு தப்பு. நான் சரிபார்க்கல."

துறைத்தலைவர் அவள் கையை விட்டார். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற, பழமொழி சொல்கிற லிஃப்ட் மெக்கானிக் வாயைத் திறக்காமல் தங்கையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளுடைய மறு கையைப் பிடித்துக்கொண்டார். நாய்க்கும் இடிக்கும் பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று கணக்கம்மாவுக்கு அப்போது தெரிந்தது.

கட்டிலில் இருந்து நாத்தனார்தான் பேசினாள். மருந்தின் மயக்கத்தில் வார்த்தைகள் இழுபட்டன. "பயமா இருக்கு, பயமா இருக்குன்னே நீங்க நின்னிருந்தா நான் சுரண்டிக்கிட்டேதான் இருந்திருப்பேன் அண்ணி. தப்புன்னு சொன்னீங்க, அப்பதான் கை நின்னுச்சு." பரவாயில்லை என்று மட்டும் சொல்லவில்லை.

பூட்டைத் திறந்துவிட்டு நான்காவது கணக்கை மறுபடி ஓடவிட்டாள் கணக்கம்மா. மேடு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை, வாசற்படி அளவுக்கு ஒரு தடை. எலக்ட்ரான் அதைத் தாண்டி வாலுக்குப் போய்விடும், கூப்பிடக்கூட வேண்டாம். அட்டவணையில் பச்சையை அழித்துச் சிவப்பு அடித்தாள். அடிக்கும்போது அழுதாள். துறைத்தலைவர் கூட்டம் போட்டார், கோபப்பட்டார், இனிமேல் எந்தப் பச்சைக்கும் இரண்டாவது ஆள் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. வீட்டில் லிஃப்ட் மெக்கானிக் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தார். கேலி மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.

நாத்தனார் மறுபடி வேலைக்கு வந்த நாளில் எதிர்க் கட்டடத்துக்குப் போகவில்லை. கட்டுப் போட்ட கையோடு நேராகக் கணினி அறைக்கு வந்தாள். ஒரு நாற்காலியை இழுத்துக் கணக்கம்மாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அந்த அறைக்குள் அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

"நாலாவது சிவப்பு. சரி. முதல் மூணும்?" என்று கேட்டாள்.

"அது மூணும் மஞ்சள்தான். அப்பவே திறந்துதான் போட்டேன். இப்ப மறுபடியும் பார்த்துட்டேன்" என்றாள் கணக்கம்மா.

கட்டுப் போட்ட விரலை நாத்தனார் மடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலியை இன்னும் கொஞ்சம் திரைக்குப் பக்கத்தில் நகர்த்தினாள்.

"காட்டுங்க அண்ணி" என்றாள்.